பழைய காரின் சாவி தொலைந்துவிட்டதா? ‘பிளாங்க்’ கிடைப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்? பூட்டு ஊர் திண்டுக்கல்லில் இருந்து ஒரு முழு விளக்கம்

அப்பா காலத்து கார் ஷெட்டில் நிற்கிறது. என்ஜினில் பெரிய கோளாறு இல்லை. பேட்டரி மாற்றி, பெட்ரோல் ஊற்றினால் ஓடிவிடும். ஆனால் சாவி இல்லை. வீடு மாறும்போது எங்கேயோ போய்விட்டது. சாவி போடுற கடைக்குப் போனால், “இந்த மாடலுக்கு பிளாங்க் வர்றதில்லீங்க” என்று ஒரே வரியில் பதில் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

இந்த அனுபவம் பழைய கார் வைத்திருக்கும் பலருக்கும் உண்டு. பூட்டுக்குப் பேர் போன திண்டுக்கல்லில் இருப்பவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு ஆச்சரியமும் இருக்கும். “ஊரே பூட்டு செய்யுற ஊரு. இங்கேயே ஒரு சாவி கிடைக்கலைன்னா எப்படி?”

நியாயமான கேள்விதான். பிளாங்க் என்றால் என்ன, பழைய கார்களுக்கு, குறிப்பாக பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு அதைக் கண்டுபிடிப்பது ஏன் சிரமம், எந்த வரிசையில் தேட வேண்டும், கிடைக்கவே இல்லை என்றால் என்ன வழி? இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

பிளாங்க் என்றால் என்ன?

இன்னும் பல் வெட்டாத சாவிக்குத்தான் பிளாங்க் என்று பெயர். பெரும்பாலும் பித்தளையில் செய்து நிக்கல் முலாம் பூசியிருப்பார்கள். எஃகில் செய்ததும் உண்டு.

ஒரு கார் சாவியைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதில் இரண்டு விஷயங்கள் உண்டு.

முதலாவது, சாவியின் விளிம்பில் மேடும் பள்ளமுமாக இருக்கும் வெட்டு. நாம் பேச்சில் ‘பல்’ என்று சொல்வது இதைத்தான். இது உங்கள் காருக்கு உரியது. கடையில் மெஷினில் வெட்டித் தருவதும் இதுதான்.

இரண்டாவது, சாவியின் பக்கவாட்டில் நீளவாக்கில் ஓடும் காடி. பூட்டின் சாவித் துவாரமும் இதே வடிவத்தில் வளைந்து நெளிந்து இருக்கும். இந்தக் காடி பொருந்தினால்தான் சாவி உள்ளேயே நுழையும். இது கடையில் வெட்டுவது அல்ல. தொழிற்சாலையில் பிளாங்க் தயாராகும்போதே வந்துவிடுவது.

பிரச்சினை இந்த இரண்டாவது விஷயத்தில்தான். பல் வெட்ட எந்தக் கடையிலும் ஆள் இருக்கிறார். காடி சரியாக அமைந்த பிளாங்க் இருந்தால்தானே அவர் வெட்ட முடியும்? காடி அரை மில்லிமீட்டர் தள்ளி இருந்தாலே போதும், சாவி வாசலிலேயே நின்றுவிடும்.

திண்டுக்கல் பூட்டு வேறு, கார் பூட்டு வேறு

திண்டுக்கல்லில் பூட்டுத் தொழில் சுமார் 150 ஆண்டுகளுக்கு முன், சங்கரலிங்காச்சாரி சகோதரர்களால் தொடங்கியதாகச் சொல்லப்படுகிறது. சுற்றுவட்டாரத்தில் இரும்பு கிடைத்ததும், விவசாயத்துக்குத் தண்ணீர் பற்றாக்குறை இருந்ததும் இந்தத் தொழில் வேர் பிடிக்கக் காரணம் என்பார்கள். மாங்காய் பூட்டு, மணிப் பூட்டு, அலமாரிப் பூட்டு, கோயில் கதவுக்கான பெரிய பூட்டு எனப் பல ரகங்கள் இங்கே தயாராயின. 2019 ஆகஸ்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இந்தப் பூட்டுகளில் பெரும்பாலானவை லீவர் வகை. பூட்டுக்குள் தட்டையான லீவர்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். சாவியைத் திருப்பும்போது ஒவ்வொரு லீவரும் சரியான உயரத்துக்குத் தூக்கப்பட வேண்டும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் பூட்டு நகராது.

இந்த சாவிக்கு நீண்ட தண்டும், முனையில் கொடி மாதிரி ஒரு தகடும் இருக்கும். சாவித் துவாரம் அகலமானது. அதனால் பட்டறைக்காரரால் வெறும் இரும்பையோ பித்தளையையோ எடுத்து, அரத்தால் ராவியே ஒரு சாவியை உருவாக்கிவிட முடியும். கையால் செய்த பூட்டுக்குக் கையாலேயே சாவி.

கார் கதவில் இருப்பது பெரும்பாலும் ‘வேஃபர்’ வகைப் பூட்டு. ஒரு சிறிய உருளை. அதற்குள் மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக, ஸ்பிரிங் அழுத்தத்தில் நிற்கும். ஒவ்வொரு தகட்டின் நடுவிலும் ஒரு ஓட்டை. சாவி அந்த ஓட்டைகளின் வழியாக நுழையும். சரியான சாவி என்றால் எல்லாத் தகடுகளும் உருளைக்குள் அடங்கிவிடும், உருளை சுழலும். தவறான சாவி என்றால் ஏதாவது ஒரு தகடு வெளியே நீட்டிக்கொண்டு உருளையைச் சுற்றவிடாது.

இந்த உருளையின் வாய் மிகக் குறுகலானது. அதற்குள் போகும் சாவி தகடு போல மெல்லியதாக, காடியோடு, சீரான தடிமனில் இருக்க வேண்டும். அதற்கு அச்சும் மெஷினும் வேண்டும். ஆகவே திண்டுக்கல் பட்டறைகளில் திறமை இல்லை என்று நினைக்க வேண்டாம். இது வேறு வகைப் பூட்டு, வேறு வகைத் தயாரிப்பு. அவ்வளவுதான்.

புது காருக்குக் கிடைக்கிறது, பழைய காருக்கு ஏன் இல்லை?

சாவிக் கடைக்காரர் பிளாங்கை மொத்தமாக வாங்கி ஆணியில் மாட்டி வைப்பவர். தினமும் கேட்கப்படும் மாடலைத்தான் வாங்கி வைப்பார். ஸ்பிளெண்டர், ஆக்டிவா, மாருதி சாவி நாளுக்குப் பத்து போகும். ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு வருடத்துக்கு ஒருவர் வந்தாலே அதிகம். பிளாங்க் தயாரிக்கும் கம்பெனிக்கும் இதே கணக்குதான். வாங்க ஆள் இல்லாத காடிக்கு அச்சு ஓட்ட மாட்டார்கள்.

இன்னொரு காரணம், கார் கம்பெனிகளே இல்லாமல் போனது. சென்னையில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961-ல் ஹெரால்டு காரைத் தயாரிக்கத் தொடங்கியது. 1980களின் இறுதியில் அதன் கார் உற்பத்தியே நின்றுபோனது. பிரீமியர் பத்மினி 2000களின் தொடக்கத்தோடு முடிந்தது. மும்பையின் கடைசி பத்மினி டாக்ஸியும் 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றுவிட்டது. அம்பாசடர் உற்பத்தி 2014-ல் நின்றது. பைக்கில் பார்த்தால், மைசூரில் யெஸ்டி தயாரித்த ஐடியல் ஜாவா 1996-ல் மூடப்பட்டது.

கம்பெனி இருந்தால், ஆர்.சி. புக்கோடு போய் சாவி எண்ணைச் சொல்லிக் கேட்கலாம். கம்பெனியே இல்லை என்றால் யாரிடம் கேட்பது?

ஸ்போர்ட்ஸ் கார் ரகசியம்: காரைத் தேடாதீர்கள், பூட்டைத் தேடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால், இதை வையுங்கள். கார் கம்பெனிகள் பெரும்பாலும் பூட்டு செய்வதில்லை. வெளியிலிருந்து வாங்குகின்றன.

பிரிட்டிஷ் கார்களுக்கு வில்மட் பிரீடன், பிரான்ஸ் கார்களுக்கு நீமன், ஜெர்மன் கார்களுக்கு ஹூஃப், அமெரிக்க கார்களுக்கு பிரிக்ஸ் அண்ட் ஸ்டிராட்டன் என்று பூட்டு கம்பெனிகள் இருந்தன. நம் நாட்டில் மிண்டா, சந்தர், ஜே உஷின் போன்றவை வாகனங்களுக்கு லாக் செட் தயாரிக்கின்றன. ஒரே பூட்டு கம்பெனி பல கார் கம்பெனிகளுக்குக் கொடுக்கும். எனவே ஒரே காடி பல கார்களில் இருக்கும்.

குறைந்த எண்ணிக்கையில் தயாராகும் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். சில ஆயிரம் கார்களுக்காக யாரும் தனியாகப் பூட்டும் கைப்பிடியும் வடிவமைக்க மாட்டார்கள். சாதாரண குடும்ப காரில் இருப்பதை எடுத்துப் போட்டுவிடுவார்கள். பிரிட்டனின் புகழ்பெற்ற லோட்டஸ் எஸ்பிரிட் ஸ்போர்ட்ஸ் காரின் கதவுக் கைப்பிடி, மோரிஸ் மரீனா என்ற சாதாரண காரில் இருந்து வந்தது. பார்க்கத்தான் பறக்கிற கார். கைப்பிடி என்னவோ பக்கத்து வீட்டு கார்.

நம்ம ஊர் உதாரணமும் இருக்கிறது. நம்மிடம் ஓடிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பிரிட்டனின் டிரையம்ப் ஹெரால்டுதான். அதே ஹெரால்டின் சேசிஸை அடிப்படையாக வைத்துத்தான் 1962-ல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. இரண்டையும் வடிவமைத்தவர் இத்தாலியின் ஜியோவானி மிக்கலோட்டி. ஸ்பிட்ஃபயரை உலகம் முழுவதும் இன்றும் ஓட்டுகிறார்கள். அதனால் அதன் உதிரி பாகங்கள் இன்றும் தயாராகின்றன. ஆக, ஹெரால்டு வைத்திருப்பவர் ‘ஹெரால்டு’ என்று தேடிக் கிடைக்காத பொருள், ‘ஸ்பிட்ஃபயர்’ என்று தேடும்போது கண்ணில் படலாம். இந்தியாவில் தயாரான காரில் உள்ளூர் பூட்டு போட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. அதனால் வாங்கும் முன் காடியை ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.

அந்தக் கால பிரிட்டிஷ் கார் சாவிகளில் ‘எஃப்எஸ்’ போன்ற எழுத்துகளும் அதையடுத்து ஒரு எண்ணும் இருக்கும். எழுத்து எந்தக் காடி என்பதைச் சொல்லும். எண் எந்த வெட்டு என்பதைச் சொல்லும். இந்த எஃப்எஸ் வரிசை சாவி எம்.ஜி., டிரையம்ப், மினி எனப் பல கார்களில் இருந்தது.

1990களின் இறுதியில் கோவாவில் தயாரான சான் ஸ்டார்ம் என்ற இரண்டு இருக்கை கார் நினைவிருக்கிறதா? ஃபைபர் பாடி, ரெனோ என்ஜின். இப்படிக் குறைந்த அளவில் வந்த வண்டி கையில் இருந்தால், கார் பெயரைச் சொல்லி பிளாங்க் கேட்பது வீண் அலைச்சல். பூட்டைக் கழற்றி, அதன் மேல் எந்தக் கம்பெனி முத்திரை இருக்கிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

படிப்படியாகத் தேடுவது எப்படி?

1. எண்ணைத் தேடுங்கள். பழைய சாவி ஒன்றாவது இருந்தால் அதன் தலையில் பொறித்திருக்கும் எழுத்தையும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். சாவியே இல்லை என்றால் கார் வாங்கியபோது வந்த புத்தகம், பழைய சர்வீஸ் பில், சாவியோடு வந்த சின்ன உலோக வில்லை ஆகியவற்றில் தேடுங்கள். சில பழைய பிரிட்டிஷ் கார்களில் பூட்டின் முகத்திலேயே எண் இருக்கும். பூட்டைக் கழற்றினால் உருளையின் உடலிலும் எண் இருக்க வாய்ப்புண்டு.

2. எல்லாப் பூட்டையும் ஒரே சாவி என்று நினைக்காதீர்கள். பழைய கார்களில் இக்னிஷனுக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று, டிக்கிக்கு ஒன்று என்று இருக்கலாம். கை மாறி வந்த கார் என்றால் நடுவில் யாராவது பூட்டை மாற்றியிருக்கவும் கூடும்.

3. அளவு எடுங்கள். வெர்னியர் காலிப்பரில் சாவித் தகட்டின் நீளம், அகலம், தடிமன் மூன்றையும் எடுங்கள். முனையில் இருந்து பார்க்கும்போது காடி எந்தப் பக்கம் இருக்கிறது என்று வரைந்துகொள்ளுங்கள். காடி இடமா வலமா என்பதில் ஏமாந்தவர்கள் நிறைய பேர். கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒரே வடிவில் இருக்கும், ஆனால் உள்ளே போகாது.

4. பிளாங்க் கம்பெனியின் எண்ணைப் பிடியுங்கள். இத்தாலியின் சில்கா, கீலைன், ஸ்பெயினின் ஜேஎம்ஏ, அமெரிக்காவின் இல்கோ ஆகியவை உலகம் முழுக்கத் தெரிந்த பிளாங்க் தயாரிப்பாளர்கள். ஒரே காடிக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு எண் வைத்திருக்கும். இந்த எண்களை ஒப்பிடும் பட்டியல்கள் பெரிய சாவிக் கடைகளில் உண்டு. ஒரு கம்பெனி தயாரிப்பதை நிறுத்தியிருந்தாலும், இன்னொன்றிடம் வேறு எண்ணில் அதே பிளாங்க் இருக்கலாம்.

5. இரண்டு மூன்றாக வாங்குங்கள். கிடைத்துவிட்டது என்றால் ஒன்றோடு நிறுத்த வேண்டாம். வெட்டும்போது ஒன்று வீணாகலாம். அடுத்த முறை தேடும்போது கிடைக்கும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

எங்கே கேட்கலாம்?

வேடசந்தூரிலோ, நிலக்கோட்டையிலோ, வத்தலக்குண்டிலோ இருக்கும் சின்ன சாவிக் கடையில் நேராக பிளாங்க் கேட்டால் “இல்லை” என்ற பதில்தான் வர வாய்ப்பு. ஆனாலும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். “பழசு ஏதாவது டப்பாவுல கிடக்குதா அண்ணே?” பல வருடமாகக் கடை நடத்துபவர்களிடம் விற்காத பிளாங்க் ஒரு டப்பா நிறைய இருக்கும். அதில் உங்கள் காடி கிடக்கலாம். கையில் பழைய சாவியோடோ, கழற்றிய பூட்டோடோ போனால்தான் அந்த டப்பாவைக் கிளற முடியும்.

அடுத்து, சென்னையில் புதுப்பேட்டை, ஜி.பி. ரோடு. பழைய வண்டிகளின் பாகங்களுக்கு இந்த இரண்டும்தான் பெயர் போனவை. டெல்லியில் காஷ்மீரி கேட், மும்பையில் சோர் பஜார். பூட்டுக்குப் பெயர் பெற்ற இன்னொரு ஊரான உத்தரப் பிரதேசத்தின் அலிகரில், பூட்டோடு பிளாங்குகளும் தயாராகின்றன.

பழைய கார் ஆர்வலர் அமைப்புகளிடமும் கேட்கலாம். சென்னையிலும் கோவையிலும் பழைய கார்களைப் பாதுகாத்து ஓட்டுபவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். கோவை அவிநாசி ரோட்டில் ஜி.டி. நாயுடு குடும்பத்தாரின் கார் அருங்காட்சியகமே இருக்கிறது. உங்கள் காருக்கு எந்த பிளாங்க் பொருந்தும் என்பது, அதே காரை வைத்திருக்கும் இன்னொருவருக்குத் தெரிந்திருக்கும் வாய்ப்பு எந்தக் கடையையும் விட அதிகம்.

பிளாங்கே கிடைக்கவில்லை. வேறு வழி?

இருக்கிறது. செலவு குறைந்ததில் இருந்து வரிசையாகப் பார்ப்போம்.

நெருங்கிய காடியை ராவிச் சேர்ப்பது: உங்கள் காடியை விடக் கொஞ்சம் தடிமனான, அல்லது காடி குறைவான பிளாங்க் கிடைத்தால், மிச்ச உலோகத்தை அரத்தால் ராவி உள்ளே போகும் அளவுக்குக் கொண்டுவரலாம். உலோகத்தைக் குறைக்க முடியும், கூட்ட முடியாது. அதனால் மெல்லிய பிளாங்கை வாங்கிவிட்டு வருந்த வேண்டாம். இந்த இடத்தில்தான் திண்டுக்கல் பட்டறைக்காரரின் கை பெரிய உதவி. நுண்ணிய அரத்தால் அளவு பார்த்து ராவுவது அவர்களுக்குப் பரம்பரை வேலை.

பூட்டைக் கழற்றி சாவியைப் படிப்பது: பிளாங்க் இருக்கிறது, ஆனால் எண்ணும் இல்லை, பழைய சாவியும் இல்லை என்றால், பூட்டைப் பிரித்து உள்ளே இருக்கும் தகடுகளின் உயரத்தைப் பார்த்து அதற்கேற்ற வெட்டைக் கண்டுபிடிக்கலாம். அனுபவமுள்ள சாவிக்காரர் செய்வார். கதவைக் கிழிக்க வேண்டியதில்லை, கண்ணாடியை உடைக்க வேண்டியதில்லை.

பிளாங்கையே செய்துகொள்வது: கோவை மாதிரி ஊர்களில் கணினி கட்டுப்பாட்டு மெஷின் வைத்திருக்கும் பட்டறைகள் நிறைய. சரியான வரைபடம் கொடுத்தால் பித்தளைத் தகட்டில் காடி வெட்டித் தர முடியும். ஒன்றுக்குச் செலவு அதிகம். ஒரே மாடல் வைத்திருக்கும் பத்துப் பேர் சேர்ந்து செய்தால் கட்டுப்படியாகும். பிளாஸ்டிக்கில் முப்பரிமாண அச்சு எடுப்பது அளவு சரிபார்க்கப் பயன்படும். அதையே சாவியாகத் திருப்பினால் உள்ளேயே முறிந்துவிடும் ஆபத்து உண்டு.

லாக் செட்டையே மாற்றுவது: கடைசி வழி. இக்னிஷன், கதவு, டிக்கி எல்லாவற்றுக்கும் வேறு செட் போட்டுவிடலாம். தினமும் ஓட்டும் காருக்கு இது நல்ல முடிவுதான். பழமைக்காக வைத்திருக்கும் கார் என்றால் பழைய பூட்டைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு கவரில் போட்டு எழுதி வையுங்கள்.

விண்டேஜ் பதிவு பெற நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கொண்டுவந்த விதிப்படி, 50 வருடத்துக்கு மேற்பட்ட, வணிகப் பயன்பாட்டில் இல்லாத இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்கள் விண்டேஜ் பதிவுக்குத் தகுதி பெறும். மூல வடிவம் பெரிதாக மாறியிருக்கக் கூடாது என்பது நிபந்தனை. விதி குறிப்பாகச் சொல்வது சேசிஸ், பாடி, என்ஜின் மாற்றங்களைத்தான்.

1980, 90களின் கார் என்றால்: சாவிக்குள் இன்னொரு சாவி

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் 1980களுக்குப் பிறகு வந்தவற்றுக்கு வேறொரு சிக்கல். பல் சரியாக இருந்தால் மட்டும் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

1986-ல் அமெரிக்காவின் செவ்ரோலெட் கார்வெட் சாவியில், தகட்டின் நடுவே ஒரு கறுப்புத் துணுக்கு பதித்திருந்தார்கள். அது ஒரு மின்தடை. மொத்தம் 15 மதிப்புகளில் ஏதோ ஒன்று. உங்கள் காருக்குரிய மதிப்பு இல்லாத சாவியைத் திருப்பினால், வெட்டு சரியாக இருந்தாலும் கார் சில நிமிடங்கள் ஸ்டார்ட் ஆக மறுத்துவிடும். இந்த வகைக்கு பிளாங்க் வாங்கும்போது காடியோடு மின்தடை மதிப்பையும் அளந்து சொல்ல வேண்டும். மல்டிமீட்டர் போதும்.

அதற்கு அடுத்து வந்தது சிப் வைத்த சாவி. தலைப்பகுதி பிளாஸ்டிக்குக்குள் ஒரு சிறு சிப். இக்னிஷனைச் சுற்றியிருக்கும் ஆன்டெனா அதனுடன் பேசும். பதில் சரியாக வந்தால்தான் என்ஜின் ஓடும். 1990களின் இறுதியில் ஐரோப்பாவில் புது கார்களுக்கு இது கட்டாயமானது. பிறகு நம் நாட்டு கார்களுக்கும் வந்தது. இந்த வகையில் பிளாங்க் கிடைத்து, பல் வெட்டி, சிப்பையும் காரின் கணினியோடு சேர்த்தால்தான் வேலை முடியும். இப்படிப்பட்ட கார் வாங்குகிறீர்கள் என்றால், விலை பேசும் முன் “ரெண்டு சாவியும் இருக்கா?” என்று கேளுங்கள்.

நகல் எடுக்கும்போது நடக்கும் தவறுகள்

டூப்ளிகேட் மெஷினில் இரண்டு பிடிகள் இருக்கும். ஒன்றில் உங்கள் சாவி, இன்னொன்றில் பிளாங்க். ஒரு முள் உங்கள் சாவியின் மேடு பள்ளத்தைத் தடவிச் செல்லும். அதே அசைவில் வெட்டும் சக்கரம் பிளாங்கை வெட்டும். அதாவது, இருப்பதை அப்படியே நகல் எடுக்கிறது. தேய்ந்த சாவியைக் கொடுத்தால் தேய்ந்த சாவிதான் வரும்.

* 40 வருடம் பையில் கிடந்து தேய்ந்த சாவியை நகல் எடுக்காதீர்கள். எண் தெரிந்தால் அந்த எண்ணுக்குரிய மூல அளவில் வெட்டச் சொல்லுங்கள்.
* நகலில் இருந்து நகல் எடுக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் சிறு பிழை சேரும்.
* புது சாவி இறுக்கமாக இருந்தால் பலம் போட்டுத் திருப்பாதீர்கள். பித்தளைச் சாவி முறிந்து உள்ளே சிக்கினால் பூட்டே போய்விடும்.
* வருடக்கணக்கில் நின்ற காரின் பூட்டில் தேங்காய் எண்ணெய், கிரீஸ் ஊற்றாதீர்கள். தூசி ஒட்டிக் கெட்டியாகிவிடும். கிராஃபைட் தூள் நல்லது. அவசரத்துக்குப் பென்சில் முனையைச் சாவியில் தேய்த்து உள்ளே விடலாம்.

கள்ளச்சாவி பயம் வேண்டுமா?

வேண்டும். பழைய கார்களின் பூட்டு இன்றைய அளவுக்குப் பாதுகாப்பானது அல்ல. ஒரு வரிசையில் இருந்த வெட்டு வகைகள் குறைவு. அதனால் ஒருவரின் சாவி இன்னொருவரின் காரைத் திறப்பதும் நடக்கக்கூடியதுதான். பூட்டின் முகத்தில் எண் இருந்தால், அதைப் படித்தவர் யார் வேண்டுமானாலும் சாவி செய்துகொள்ளலாம்.

பிளாங்க் தேடுகிறேன் என்று சாவியைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவிலும் முகநூலிலும் போடுபவர்கள் கவனிக்க. சாவியின் படம் இருந்தாலே வெட்டைக் கணக்கிட முடியும் என்பதை 2008-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக சான் டியாகோ வளாக ஆய்வாளர்கள் செய்தே காட்டினார்கள். படம் போட வேண்டுமானால் காடி தெரியும் முனைப்பகுதியை மட்டும் போடுங்கள். பல் வரிசையையும் எண்ணையும் மறைத்துவிடுங்கள். அனுப்பும் எழுத்து வரிசை மட்டும் போதும், பிளாங்கைக் கண்டுபிடிக்க எண் தேவையில்லை.

சாவி செய்பவர் ஆர்.சி. புக்கையும் அடையாள அட்டையையும் கேட்டால் கோபப்படாதீர்கள். கேட்பவர்தான் நம்பத் தகுந்தவர். எதுவும் கேட்காமல் யார் காரையும் திறந்து தருபவர், நாளை உங்கள் காரையும் திறந்து தருவார்.

இன்சூரன்ஸ் இருக்கிறதா? கார் திருடுபோய் இழப்பீடு கேட்கும்போது கம்பெனிகள் வழக்கமாக மூல சாவிகளைக் கேட்கும். ஒரு சாவி தொலைந்தவுடனேயே எழுத்து மூலம் தெரிவித்துவிடுவது பின்னால் வரும் தலைவலியைத் தவிர்க்கும்.

சுருக்கமாகச் சில கேள்வி, பதில்கள்

*பழைய சாவியும் இல்லை, எண்ணும் இல்லை. கார் அவ்வளவுதானா?*
இல்லை. பூட்டைக் கழற்றினால் காடியும் தெரியும், வெட்டும் தெரியும். அதுதான் மூல ஆதாரம்.

*ஒயரைச் சேர்த்து ஸ்டார்ட் பண்ணிக்கலாமே?*
பழைய காரில் ஓடலாம். ஆனால் ஸ்டீயரிங் பூட்டு இருக்கும் கார் என்றால் திருப்பத்தில் திரும்பாது. ஃபியூஸ் இல்லாத இணைப்பு என்றால் தீப்பிடிக்கும் ஆபத்து. வேண்டவே வேண்டாம்.

*யெஸ்டி, ஆர்.எக்ஸ். 100 மாதிரி பைக்குகளுக்கும் இதே முறைதானா?*
ஆமாம். பூட்டு கம்பெனி, காடி, எண், அளவு. இதே வரிசைதான். இந்த பைக்குகளுக்கு ஆர்வலர்கள் அதிகம் என்பதால் லாக் செட் கிடைப்பது காரை விட எளிது.

கடைசியாக ஒரு வார்த்தை

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். பழைய காரோ பைக்கோ, அதன் சாவியில் இருக்கும் எழுத்தையும் எண்ணையும் ஒரு தாளில் எழுதி, ஆர்.சி. புக் இருக்கும் அதே பீரோவில் வையுங்கள். மாற்றுச் சாவியை அதே சாவிக்கொத்தில் மாட்டாதீர்கள். தொலைந்தால் இரண்டும் சேர்ந்து தொலையும்.

இன்னொன்றும் உண்டு. அலிகரின் மெஷின் பூட்டுகளோடு விலையில் போட்டிபோட முடியாமல் திண்டுக்கல் பட்டறைகள் குறைந்துகொண்டே வருகின்றன. அடுத்த தலைமுறை இந்த வேலைக்கு வருவதில்லை என்பது பல காலமாகவே கேட்கும் கவலை. பிளாங்க் கூட ஒருநாள் எங்கிருந்தாவது பார்சலில் வந்துவிடும். அளவு பார்த்து அரம் பிடிக்கும் கை அப்படி வராது. அந்தக் கைகள் நம் ஊரில் இருக்கும்போதே ஷெட்டில் நிற்கும் காருக்கு ஒரு சாவி செய்துவிடுவது நல்லது.